இரண்டாம் அசையில் ஒரு தட்டு

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் மலாக்கா டெலிபோன் ஆபீசில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். இருந்தது ஒரே இடம். அது கிடைக்காவிட்டால் தை மாதம் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். கிராணி மேல் எனக்குக் கோபம் இல்லை, கல்யாணத்தின் மேல்தான்.

காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கம்போங் செட்டி, மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. அங்கிருந்த என் சிநேகிதியும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அவர்களுக்குச் சாமி எங்கள் சாமி, பேச்சு மட்டும் மலாய். சேர்ந்தே படித்தோம். போட்டிக்காரிகள் இருவருக்கும் ஒரே அகராதி என்றால் வேறென்ன செய்வது?

நேர்முகத்தில் நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுத்து, அசை பிரித்து அழுத்தம் காட்டச் சொல்வார்களாம். 'அன்ஃபோர்ச்சுனெட்லி' எங்கள் உயிரை வாங்கியது. லைன் கிடைக்காதபோது ஆபரேட்டர் வருத்தம் தெரிவிக்கிற சொல் அது. ஐந்து அசையையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் வெள்ளிக்கிழமை பஜனையில் வளர்ந்த என் கைதான் வழி கண்டுபிடித்தது. 'அன்' என்று கையைத் தூக்கு, 'ஃபோர்' என்று தொடையில் ஓங்கி ஒரு தட்டு, மிச்சத்துக்கு விரல் எண்ணு. அவளும் பிடித்துக்கொண்டாள்.

துரை முன்னால் அதே சொல்தான் வந்தது. ஆனால் சேலை கட்டிக்கொண்டு வெள்ளைக்காரன் எதிரே தொடையைத் தட்டுவது மரியாதையா? மேசையைத் தட்டினேன். தேநீர் குதித்துக் காகிதமெல்லாம் நனைந்தது. "டெம்பர் அதிகம்," என்று துரை பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அழுத்தம் சரியான இடத்தில் விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

வெளியே காத்திருந்தவளிடம், "கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கோ," என்று மலாயில் சொல்லி அனுப்பினேன். வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. தையில் தாலி கட்டிக்கொண்டு செங் ஊர்ப் பக்கம் கிராணியின் தோட்டத்துக்குப் போனேன்.

சில மாதம் கழித்து, கிராணி சாப்பிடப் போன நேரம் அவர் ஆபீஸ் டெலிபோனை எடுத்தேன். எங்கள் தெருக் கடைக்கு லைன் கேட்டேன், அம்மாவோடு பேச.

"அன்ஃபோர்ச்சுனெட்லி..." என்றது ஆபரேட்டர் குரல். இரண்டாம் அசையில் மேசை மேல் தொப்பென்று ஒரு தட்டு கேட்டது.

"நான்தான்டி," என்றேன்.

பிறகு மெதுவாக, மலாயில், "என்ன செய்ய, கை போகாம வாயில சொல்லு வர மாட்டேங்குது. இங்க எல்லாரும் திட்றாங்க," என்றாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள். என் கையும் தொடையில் சரியாக விழுந்தது. அழுதுவிட்டேன்.