சிட்னியில் செல்லாத என் மீன்பிடி லைசென்ஸ்

நான் மெல்பேர்னில் இருக்கிறேன். மனைவியின் தங்கையும் கணவரும் சிட்னியில். அந்தச் சகலன் பிடிக்கிற மீனின் படம் கிழமை தவறாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் வரும். மாமியார் உடனே இதயம் போடுவா. என் மீனுக்கு ஒருநாளும் போட்டதில்லை.

போன விடுமுறைக்குச் சிட்னி போனோம். கடற்கரைக்குப் புறப்படும்போது சகலன், "அண்ணை, லைசென்ஸ் இருக்கோ?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், உம்மட்ட மட்டும்தான் இருக்குமோ?" என்றேன். எடுத்துக் காட்டவில்லை.

அன்று பெரிய மீன் என் தூண்டிலில்தான் மாட்டியது. சகலனின் வாளி வெறுமையாகக் கிடந்தது. வேண்டுமென்றே அவருடைய போனிலேயே படம் எடுக்கச் சொன்னேன். அவர் எடுக்கும்போது மீன்பிடி அதிகாரி ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று லைசென்ஸைக் கேட்டார்.

என் லைசென்ஸ் மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்கு மட்டும்தானாம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் பிடிக்கத் தனிக் கட்டணமாம். கார் லைசென்ஸ் போல எங்கும் செல்லும் என்று நான் நினைத்திருந்தேன். நல்லகாலம், அபராதம் போடவில்லை. எச்சரித்து, மீனைக் கடலில் விடச் சொன்னார்.

"இதுக்குத்தான் அண்ணை கேட்டனான்," என்றார் சகலன், மெதுவாக.

இப்போது மாநிலம் தாண்டுமுன் அங்கத்தைய விதியைப் பார்த்து, மூன்று நாள் கட்டணத்தை இணையத்தில் கட்டி, ரசீதைப் போனில் வைத்துக்கொள்கிறேன்.

அதிகாரியோடு நான் நிற்கும் அந்தப் படத்தைச் சகலன் இன்றுவரை யாருக்கும் அனுப்பவில்லை. அவருடைய அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.