மேல்காட்டுக் கறுப்பு மண்

வனத்துறை நாற்றுப்பண்ணையில் அவளை எல்லோரும் மண்ணக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார். புதுத்துணி உடுத்திக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் நகக்கண்ணில் மண் இருக்கும். ஒரு சிட்டிகை மண்ணை மூக்கருகே கொண்டுபோனால் போதும், "இது தேறாது, கொட்டிடுங்க" என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கையகலப் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பி, விதை ஊன்றி, நிழல்வலைக்குக் கீழே ஆறு மாதம் தண்ணீர் தெளித்து, மழைக்கு முன் லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் பண்ணையின் வேலை. மொட்டையாய்க் கிடக்கும் குன்றுகளில் அந்தக் கன்றுகளை நடுவார்கள். அவள் சேர்ந்த காலத்தில் நூறு விதைக்கு ஐம்பது தேறினாலே பெரிய காரியம். பண்ணை மண் களி. காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும்.

மேல்காட்டு மண்ணை எடுக்கலாம் என்று சொன்னவள் அவள்தான். மலைச்சரிவில், அவர்கள் குடும்ப நிலத்துக்கு நேர் மேலே இருந்தது அந்தக் காடு. யாரும் நடாமல் தானாக எழும்பிய பழைய மரங்கள். காலை வைத்தால் கணுக்கால் வரை இலைமக்கில் புதையும். கையால் விலக்கினால் காபித்தூள் மாதிரிப் பொலபொலவென்று கறுப்பு மண். ஒரு மூட்டை கொண்டுவந்து விதை ஊன்றிப் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்தது. ரேஞ்சர் வாயைப் பிளந்துவிட்டார். அந்த வருடமே துறை விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் பத்துப் பேர் மண்வெட்டியும் சாக்குமாக மேல்காட்டுக்குப் போனார்கள். மரத்தை யாரும் தொடவில்லை. ஒரு கிளையை ஒடித்தால்கூட அவள் சும்மா விடமாட்டாள். மேலே கிடப்பதைத்தானே சுரண்டுகிறோம், அடுத்த வருடம் இலை விழாமலா போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கீழே குடும்ப நிலத்தில் அவள் தம்பி இருந்தான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "தம்பி தலையெடுக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குக் கல்யாண வயது தாண்டிப்போனது. அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் தலையெடுத்தான். சரிவில் படிப்படியாகக் கல்வரப்பு கட்டி உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டான். வாய்த்தவளும் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்ணக்காவுக்கு அங்கேதான் சாப்பாடு.

"ஊருக்கெல்லாம் காடு வளர்க்குறா எங்க அக்கா. எனக்கு ஒரு எலுமிச்சங்கன்னு தரமாட்டேங்குறா" என்று அவன் சீண்டுவான்.

"அரசாங்கக் கன்னுடா. வீட்டுக்குக் கொண்டாந்தா கையில விலங்குதான்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் சொன்னான்: "மேல்காட்டு ஊத்துத் தண்ணி ஒரு மாதிரி வருதுக்கா. முன்னெல்லாம் மழை விட்டு ரெண்டு மாசம் ஆனாலும் கண்ணாடியா ஓடும். இப்ப மழையில செக்கச்செவேல்னு கொட்டுது, வெயில் வந்தா நின்னுடுது."

"மழை பேஞ்சா கலங்கத்தானேடா செய்யும்."

"நீ சொன்னா சரி."

மண் விஷயத்தில் அக்கா பேச்சுக்கு அவனிடம் மறுபேச்சு கிடையாது.

மண் எடுக்க ஆரம்பித்துப் பதினோராவது வருடம், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மேல்காட்டுக்கு வழிகாட்ட மண்ணக்காவே கூடப் போனாள். அந்தப் பெண் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் இறக்கினாள். நாலு விரல் இறங்கியதும் அது சரளையில் இடித்து நின்றது. இன்னும் பத்து இடத்தில் இறக்கினாள். எங்கேயும் அதே கதிதான். மர வேர்கள் கிழவர்களின் கை நரம்பு போல வெளியே புடைத்துக் கிடந்தன.

"இங்க சின்னக் கன்னு ஏதாவது பார்த்திருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மண்ணக்கா சுற்றிப் பார்த்தாள். அண்ணாந்து பார்க்கும் மரங்கள் இருந்தன. முழங்கால் உயரத்தில் ஒன்றுகூட இல்லை. லட்சக்கணக்கில் கன்று வளர்த்தவளின் கண்ணுக்கு அத்தனை வருடம் அது தட்டுப்படவே இல்லை.

"விதை விழுது, ஆனா வேர் பிடிக்க மண் இல்ல. பெய்யுற மழையை உறிஞ்சி வச்சுக்கிட்டு இருந்ததே இந்த மேல்மண்ணுதான். அதை எடுத்துட்டதால தண்ணி நிக்காம ஓடி வேரை அரிக்குது. ஒரு அங்குலம் திரும்பி வரணும்னா நூறு வருஷம்கூடப் பத்தாதும்மா." அந்தப் பெண் குழாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இந்தச் சரிவுக்குக் கீழ யார் இருக்காங்க?"

"என் தம்பி" என்றாள் மண்ணக்கா.

மறுநாளே ரேஞ்சரிடம் போய்ச் சொன்னாள். "இந்த வருஷ இலக்கு முடியட்டும், அடுத்த வருஷம் மக்கு உரம் போட்டுப் பார்ப்போம்" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். ஆனால் ரேஞ்சர் மேல் பழியைப் போட்டு அவளால் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு என்பது திரும்பவும் ஐம்பதாக இறங்குவதைப் பார்க்க அவளுக்கே மனசில்லை. வேலையாட்களிடம், "ஒரே இடத்துல தோண்டாதீங்க, ஓரமா எடுங்க" என்றாள். அது போதும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாவது வருடம் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு மேல்காட்டின் ஒரு பக்கம் மரங்களோடு அப்படியே நழுவி வந்தது. தம்பி கிழங்கு மூட்டைகளோடு சந்தைக்குப் போயிருந்தான். அவன் மனைவி கீழ்ப்படி வயலில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். லாரியில் ஜல்லி கொட்டுவது போலச் சத்தம் கேட்டுப் பக்கவாட்டில் ஓடியதால் உயிர் தப்பியது. ஆனால் உருண்டு வந்த மரம் ஒன்று காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வீடு, மாடு, கல்வரப்பு எதுவும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்ணக்கா அழுதுகொண்டே இருந்தாள். தம்பிதான் அவள் தோளைப் பிடித்துத் தேற்றினான்.

"மழைக்கு யாருக்கா என்ன பண்ண முடியும்? உசுரு மிஞ்சுச்சே."

"மழை இல்லடா. நாங்க மேல்காட்டு மண்ணை எடுத்ததுதான்."

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீ தெரிஞ்சா செஞ்சே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் வளர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"முதல்ல தெரியாது. கடைசி மூணு வருஷம் தெரியும்."

அவன் கை அவள் தோளிலிருந்து இறங்கியது.

"மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை வந்து எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டியே, அக்கா."

மனைவி படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதன்பின் மண்ணக்கா மேலிடத்துக்கு எழுதினாள். ஆராய்ச்சி நிலையத்துப் பெண்ணும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாள். இடம் காட்டியது நான், தெரிந்தும் நிறுத்தாதது நான் என்று அதில் மறைக்காமல் எழுதியிருந்தாள். மேல்காட்டில் மண் எடுக்கத் தடை வந்தது. பண்ணையிலேயே குழி வெட்டிச் சருகும் சாணமும் போட்டு மக்கவைத்தார்கள். நூற்றுக்கு எழுபது முளைத்தது. இதை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம் என்று புது ரேஞ்சர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். அவள் சாணக் கூடையைத் தூக்கிக்கொண்டு குழியை நோக்கி நடந்தாள்.

தம்பி நகரத்தில் ஒரு கிடங்குக்குக் காவல்காரனாகப் போனான். கிடங்குக்கு மேலேயே மாடியில் ஒற்றை அறை. பஸ் பிடித்து மாதம் ஒருமுறை அவள் போய்வந்தாள். தம்பி மனைவி ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறப்பாள், நாற்காலி இழுத்துப் போடுவாள், தண்ணீர் கொடுப்பாள். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான். தூங்கவில்லை என்பது அவன் மூச்சிலேயே தெரியும். ஒன்பது வயதிலிருந்து கேட்ட மூச்சு.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் தம்பி மனைவி வாசல் வரை வந்து கதவை வெளியே சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணி, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் அவர் சாப்பிட மாட்டேங்குறார். இனிமே வராதீங்க."

"சரிம்மா" என்றாள் மண்ணக்கா. "கால் வலிக்கப்போகுது, உள்ள போ."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை. அவனும் வரவில்லை.