பொரியாத கடுகு

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எந்தத் தமிழ் வீட்டு அரிசியில் வண்டு வந்தாலும் முதல் ஃபோன் நாகரத்தினத்துக்குத்தான். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, கோவையில் வேளாண்மை படித்து, நியூ ஜெர்சியில் ஓர் ஆய்வகத்தில் முப்பது வருடமாகப் பூச்சிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். "கடுகு, ரவை, பருப்பு எல்லாத்தையும் ஃப்ரீசர்ல வைம்மா, ஒரு வண்டும் அண்டாது" என்பது ஊருக்கெல்லாம் அவள் சொல்லும் மந்திரம். அது தன் தலையிலேயே விடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

ஆயிரக்கணக்கான பூச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவாள். எல்லாமே வேறு யாரோ வைத்த பெயர்கள். ஒரே ஒரு பூச்சிக்காவது தான் பெயர் வைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. டிசம்பரில் ஓய்வு. அக்டோபரில் வீட்டுக் கொல்லையின் அவரைப் பந்தலிலேயே அது கிடைத்தது: கடுகளவு கருப்பு வண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. முப்பத்தேழு பிடித்து, பழைய தயிர் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாள். அந்த வாரமே உறைபனி விழுந்து கொடி கருகிவிட்டது. இனி ஒன்றுகூடக் கிடைக்காது.

சனிக்கிழமை காலை, கணவர் கந்தசாமி தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"நாகு, இந்தக் கடுகு பொரியவே மாட்டேங்குது. பழசு போல."

"எந்தக் கடுகுங்க?"

"ஃப்ரீசர்ல, தயிர் டப்பாவுல இருந்துச்சே. கொஞ்சூண்டுதான் இருந்துச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

நாகரத்தினம் காலி டப்பாவைப் பார்த்தாள். தாளிப்புக் கரண்டியைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

கந்தசாமிக்கு விஷயம் புரிந்தது. கரப்பான் பூச்சிக்கே சோபாவில் ஏறி நிற்கும் மனிதர், அவளுடைய லென்ஸை எடுத்துக்கொண்டு கரண்டியைத் துழாவினார். தலையும் இல்லை, காலும் இல்லை, வெறும் கரி. டப்பாவைக் கவிழ்த்தார். மூடியைத் திருப்பினார்.

"நாகு! மூடியில ஒண்ணு ஒட்டிட்டிருக்கு பாரு. ஆறு காலும் இருக்கு, எண்ணிட்டேன்!"

பெயர் வைக்க ஒன்று போதும்.

மறு வருடம் கட்டுரை அச்சில் வந்தது. வண்டுக்கு அவள் வைத்தது கந்தசாமியின் பெயர். அவர் பூரித்துப் போய்க் கடைசிவரை படித்தார். கடைசியில் ஒரு வரி இருந்தது: மற்ற முப்பத்தாறு மாதிரிகளும் சமையலில் வீணாயின.

"இதை எழுதித்தான் ஆகணுமா?"

"சயின்ஸுங்க. நடந்ததை மறைக்கக் கூடாது."

கந்தசாமி அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுகிறார். கடைசி வரியின் மேல் மட்டும் ஒரு பிள்ளையார் மேக்னெட்.