மதுக்கடைக் காட்சியில் அவர் குரல்

அவர் இறந்த பத்தாம் நாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போனேன். பேருந்தில் இடது பக்க ஜன்னல் இருக்கை. வழியில் எதையும் நினைத்ததாக அன்றைய டைரியில் இல்லை. அழுகையும் வரவில்லை. செய்தி வந்த அன்றும் வரவில்லை.

அவரும் நானும் பதினொரு வருடம் சென்னையில் ஒன்றாக டப்பிங் பேசினோம். பெரும்பாலும் தொலைக்காட்சிக்கான இத்தாலிய கௌபாய் படங்கள். அவற்றில் மூலத்திலேயே வாயும் வசனமும் ஒட்டாது. படப்பிடிப்பில் ஒரு நடிகர் இத்தாலிய மொழியிலும் எதிரே நிற்பவர் ஸ்பானிஷிலும் பேசியிருப்பார்கள். அதன்மேல் நாங்கள் தமிழை வைத்தோம். வில்லன்கள் அவருக்கு. அவர்களிடம் குண்டடிபட்டுச் சாகிறவர்கள் எனக்கு.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கடைசி எட்டு வருடமும் நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசினார். அவர் மகளிடம் அப்பாவின் குரல் ஒரு வரிகூட இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் உறவினர்கள் முன் அந்தக் குரலை ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இணையத்தில் ஒரே ஒரு படம், அதுவும் பின்பாதி மட்டும், கிடைத்திருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

மடிக்கணினியில் காட்சியைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தாள். அப்பாவின் நண்பர் என்பதால் அவளுக்கு நான் சித்தப்பா.

"இதான் சித்தப்பா. எப்டி மெரட்றாரு பாருங்க. வூட்ல ஒரு நாளாவது இப்டி சத்தம் போட்டிருப்பாரா?" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கிணற்றடியில் வில்லன் பேசினான். இரண்டாவது வார்த்தையில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் குரல்.

பாதிப் படம் பேசிய நிலையில் அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. ஒளிபரப்புத் தேதி நெருங்கியதால் மீதியை நான் பேசினேன். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் அவரைப் போலவே பேசி ஒட்டுவது எங்கள் தொழிலில் சாதாரணம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. மகளுக்கே தெரியவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். உறவினர்கள் கேட்பார்கள், அழுவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் என் குரல் ஓடும்போது அவர் படத்துக்குச் சூடம் காட்டுவார்கள்.

"அது நான் பேசனது, பாப்பா" என்றேன்.

"வெளையாடாதீங்க சித்தப்பா."

வில்லன் சொன்ன வரியை அதே குரலில் சொல்லிக் காட்டினேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பதினைந்து நிமிடம் கழித்து டீயோடு வந்தாள்.

"நாலு நாளா உங்க கொரலக் கேட்டா அழுதுக்கினு இருந்தேன்? பேஜாரு புடிச்ச தொழிலு உங்களுது" என்றாள். பிறகு, "அப்ப எங்கப்பா எங்க?" என்று கேட்டாள்.

யோசித்தேன். பின்னணியில் கேட்கும் கூட்டக் குரலை மட்டும் முழுப் படத்துக்கும் முதல் நாளே பதிவு செய்துவிடுவார்கள். ஆறேழு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசுவோம். எழுதிய வசனம் கிடையாது. இரைச்சலாக இருந்தால் போதும். முதல் நாள் அவர் வந்திருந்தார்.

மதுக்கடைக் காட்சியைத் தேடி எடுத்தோம். இயர்போனில் ஆளுக்கொரு பக்கம். மூன்றாவது முறை ஓட்டியபோது, பியானோவுக்கும் நாற்காலி உடைவதற்கும் இடையில் அவர் இருந்தார்.

"மல்லாட்ட களத்துல காயுது, மழ வந்தா யாரு வாரிப் போடுவா? ஜல்தி முடிங்கப்பா, ஊருக்குப் போவணும்."

அந்த வேர்க்கடலைப் பேச்சை அவள் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அழவில்லை.

"கௌபாய் கடையில நின்னுக்கினு மல்லாட்டயப் பத்திப் பேசறாரு."

"ஆமாம்மா. அவரு எப்பவும் அப்டித்தான்."

"கிணத்தடி வேணாம் சித்தப்பா. இதான் போடணும்."

பதினாறாம் நாள் பகல் பதினொன்றரைக்குப் போட்டாள். பியானோவும் குதிரைக் கனைப்பும் ஒலிபெருக்கியில் வந்தன. அவருடைய தம்பி, "இன்னாது, மல்லாட்டயா?" என்றார். யாரோ சிரித்தார்கள். "இன்னொரு தபா போடும்மா" என்றார் தம்பி. அவள் போட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரைச்சலில் என் குரலும் எங்கோ இருந்திருக்க வேண்டும். நான் அதைத் தேடவில்லை.