பிரேக் அக்கா குடித்த வைன்

பிரேக் அக்காவுக்கு வலது கால் செருப்பு மட்டும்தான் தேயும். இடது கால் செருப்பு கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் பளபளப்பாக இருக்கும்போதே வலது காலில் முன்பக்கம் பிய்ந்து தொங்கும். "ஒத்தைச் செருப்பு விக்கிற கடை தெரிஞ்சா சொல்லு" என்று மாதம் ஒரு தடவையாவது என்னிடம் கேட்டுவிடுவார். என்னுடையது மருந்துக் கடை. அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு நேர் எதிரில் இருக்கிறது. பதினைந்து வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்தபடி அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதால், அவரைப் பற்றி எழுத எனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

பயிற்சி வண்டியில் ஓட்டப் பழகுகிறவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அக்கா இடப்பக்கம். அக்காவின் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேரைச் சுவரிலும் சாக்கடையிலும் மோதாமல் காப்பாற்றியது அந்த வலது கால்தான். முன்பலகையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார். "சொட்டு சிந்தாம நிறுத்தினா நீங்க டிரைவர். சிந்தினா நீங்க பாசஞ்சர்" என்பார். நானும் இரண்டு நாள் போனேன். மூன்றாவது நாள் என் புடவை காயவில்லை என்று நின்றுகொண்டேன்.

தொல்லை என்னவென்றால் அந்தக் காலுக்கு வேலை நேரம் கிடையாது. யார் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தாலும் தரையை மிதிக்கும். கல்யாணமான புதிதில் அவருடைய கணவர் ஒரு தடவை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்தில் தொப் தொப் என்று சத்தம். பாதி வழியில் அவர் வண்டியை ஓரங்கட்டி, "நீயே ஓட்டித் தொலை" என்று சாவியை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் சாவி அக்காவிடம்தான். கல்யாணமா, காதுகுத்தா, ஆஸ்பத்திரியா, எல்லாவற்றுக்கும் அக்காதான் ஓட்டுவார். பந்தியில் எல்லாரும் பாயசத்துக்குக் காத்திருக்கும்போது அக்கா கையைக் கழுவிக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதுகூட இடது கை சாவியை மூடிக்கொண்டிருக்கும்.

"ஒரு நாள் வெளிநாட்டுல போய் உக்காந்து ஒரு கிளாஸ் வைன் குடிக்கணும். எந்திரிக்கணுமேன்னு நினைக்காம சாப்பிடணும்" என்று அக்கா சொல்வார். வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை நிஜமாக்கியது கணக்கு டீச்சர்தான்.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே அக்காவிடம் ஓட்டப் பழக வந்தவர். அக்காவைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அக்கா என்றே கூப்பிடுவார். ஓட்டுநர் தேர்வில் ஆறு தடவை தோற்றார். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்ட மனுஷி, ஆறு தடவையும் என் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை மறுபடி பயிற்சி வண்டியில் ஏறினார். ஏழாவது தடவை தேறியபோது மைதானத்தின் ஓரத்தில் நின்று அக்கா தட்டிய கைத்தட்டலில் தேர்வு அதிகாரியே திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து டீச்சருக்கு எங்கள் வட்டத்தில் 'ஏழு' என்று பெயர். வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

உரிமம் வந்து மூன்று வருடமாகியும் டீச்சர் கடைத்தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை. மகன் நல்ல பிள்ளை. "எதுக்கும்மா சிரமம், நான் விட்டுட்டு வர்றேன்" என்று நல்ல பிள்ளையாகவே சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். நாம் ஓட்டுவதை நம்புகிற ஆள் ஊரில் ஒருவராவது இருக்கிறாரே, அது அக்கா என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்குத்தான் வெளிநாட்டு விமான நிலையத்தில் அடி விழுந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஆறு நாள் பயணமாகப் போயிருந்தோம். வாடகை வண்டியை டீச்சர்தான் தன் பெயரில் பதிவு செய்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் அக்காவின் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பதிவு செய்தவரும் ஓட்டுவாரா என்று கேட்டாள். டீச்சரின் கை கைப்பையைத் திறந்தது. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அது முழுதாக வெளியே வருவதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"வேண்டாம், நான் மட்டும்தான்."

டீச்சர் உறையைத் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அக்கா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை.

அந்த நாட்டில் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்களாம். அக்கா திண்டாடவில்லை. "இடப்பக்கம் உக்காந்துதானே இருபத்தாறு வருஷம் பிரேக் போட்டேன், இப்பத்தான் ஸ்டியரிங்கையும் கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்போல ஓட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு மேசையில்தான் சரிவரவில்லை. முதல் மூன்று நாளும் நல்ல நல்ல இடங்களில் சாப்பிட்டோம். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி, கையகலப் பாலாடைக்கட்டி, எலுமிச்சை பிழிந்த மீன். பாட்டில் வந்ததும் நான் முதலில் காலாவதித் தேதியைத் தேடுவேன், தொழில் புத்தி. டீச்சரும் நானும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்து, என்னமோ நாளெல்லாம் குடித்துப் பழகியவர்கள்போல் அபிப்பிராயம் சொல்லிக்கொள்வோம். அக்காவின் கிளாஸில் ஊற்ற வந்தால் உள்ளங்கையால் மூடிவிடுவார். இடது கையில் சாவி. முள்கரண்டியும் கத்தியும் பிடிக்க இரண்டு கை வேண்டியிருக்கிற ஊரில், ஒற்றைக் கையால் கோழிக்காலைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் மாலை, பல் பேஸ்ட் வாங்கிவருகிறேன் என்று போன டீச்சர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். பேஸ்ட்டும் வாங்கி வந்திருந்தார் என்பதால் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மலைமேல் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கேயே வைன் செய்து அங்கேயே மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். கொடிப் பந்தலுக்கு அடியில் நீள மேசை. வெயில் இலைகளுக்கு நடுவே விழுந்து தட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சை. தோட்டக்காரர் வந்து எனக்கு ஊற்றினார். டீச்சர் திராட்சைச் சாறு போதும் என்று சைகை காட்டினார். அது எனக்கு விசித்திரமாகப் பட்டது. அடுத்து தோட்டக்காரர் அக்காவிடம் வந்தார். அக்கா வழக்கம்போல் கிளாஸை மூடினார்.

"அக்கா, கையை எடுங்க" என்றார் டீச்சர்.

"எனக்கு வண்டி இருக்கு, டீச்சர்."

"வண்டி எனக்கு இருக்கு." டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வாடகை நிறுவனத்தின் தாள். ஓட்டுநர்கள் என்ற இடத்தில் அக்காவின் பெயருக்குக் கீழே டீச்சரின் பெயர்.

"இது எப்ப?"

"பேஸ்ட் வாங்கப் போனேன்ல."

தோட்டக்காரர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றார். அவருக்கு எங்கள் பேச்சு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனால் நகரவும் இல்லை.

"டீச்சர், இது மலை ரோடு. வர்ற வழியில எத்தனை வளைவுன்னு பார்த்தீங்களா?"

"பதினாலு. ஏறும்போதே எண்ணிட்டேன். எந்த வளைவுல எந்த கியர் போட்டீங்கன்னும் எழுதி வச்சிருக்கேன்." நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். கணக்கு டீச்சரிடம் எண்ணிக்கையில் மோதலாமா?

டீச்சர் அதோடு விடவில்லை. குரலை உயர்த்தாமல், பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிறவர்போல் பேசினார்.

"அன்னிக்கு கவுண்டர்ல வேண்டாம்னு சொன்னீங்க. என் பையன் சொன்னா நான் பெரிசா எடுத்துக்க மாட்டேன், அவன் பிள்ளை. நீங்க எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவங்க. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னா ஏழாவது டெஸ்ட்டுல எதுக்குக் கைதட்டினீங்க?"

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தேன். அக்கா கோபக்காரர். சந்தையில் லாரிக்காரனை இறக்கிவைத்துத் திட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இதோ வெடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை நம்பாம இல்ல டீச்சர்" என்றார் கடைசியில். "உங்களுக்கு நல்லா ஓட்ட வரும். எனக்குத்தான் உக்கார வராது. காலுக்குக் கீழ பிரேக் இல்லாம நான் உக்காந்ததே இல்ல. பயமா இருக்கு."

அக்காவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பயமா இருந்தா என்ன பண்ணணும்னு எனக்கு ஒருத்தங்க சொல்லியிருக்காங்க" என்றார் டீச்சர். "மறுநாளும் வந்து வண்டியில ஏறணுமாம்."

அக்கா சிரித்துவிட்டார். அவரே சொல்லிக்கொடுத்த பாடம். கிளாஸிலிருந்து கையை எடுத்தார். தோட்டக்காரர் பெருமூச்சு விட்டு ஊற்றினார். இடது கை திறந்து, சாவி மேசையைக் கடந்து டீச்சரிடம் போனது.

முதல் வாயைக் குடித்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "முதல்ல ஒண்ணும் தெரியல. கிளட்ச்சை மெதுவா விடுற மாதிரி இருக்கு. அப்புறம் வண்டி தானா நகருது." அந்த மூன்று நாளில் நானும் டீச்சரும் சொன்ன அபிப்பிராயங்களெல்லாம் குப்பை என்று அப்போது தெரிந்தது.

பிறகு சாப்பிட்டார். இரண்டு கையாலும் சாப்பிட்டார். கோழியைப் பிடித்த பிடியில் அது இந்தத் தடவை ஓடவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பைத் துடைத்தார். சுட்ட தக்காளியை இன்னொரு தட்டு கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் அக்காவிடம் வண்டி பழகிய கதை, ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற அக்காவின் கால் மணமேடையிலேயே பிரேக் போட்ட கதை என்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். இரண்டரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புறப்படும்போது அக்கா பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்தார். அங்கே டீச்சர் நின்றிருந்தார். அக்கா சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து ஏறினார். நம் ஊரில் அது ஓட்டுகிறவர் சீட்டு. இங்கே முன்னால் ஒன்றும் இல்லை. அவருடைய கை ஸ்டியரிங்கைத் தேடி எழுந்து, இல்லாததைக் கண்டு மடிக்குத் திரும்பியது. மீதி வைன் இருந்த பாட்டிலை நான் பின்சீட்டில் பிடித்துக்கொண்டேன். பாதி பாட்டில், தக்கை தொலைந்துவிட்டது. டம்ளருக்குப் பதில் இது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வளைவில் தொப். இரண்டாவது வளைவில் தொப், தொப். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, நோட்டில் எழுதியிருந்தபடி கியரை மாற்றினார். நாலாவது வளைவில் "ஹார்ன்" என்றார் அக்கா. அதற்குள் டீச்சர் அடித்திருந்தார். ஆறாவதில் ஒரே ஒரு தொப், அதுவும் மெதுவாக. பிறகு நான் பாட்டிலைக் கவனிப்பதிலேயே இருந்துவிட்டேன்.

பதினோராவது வளைவைத் திரும்பியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சர் பிரேக்கைப் போட்டார். வண்டி முன்னால் குனியாமல், பின்னால் ஆடாமல், அப்படியே நின்றது. பாட்டிலில் வைன் ஒரு பக்கம் ஏறி, கழுத்துவரை வந்து, திரும்ப இறங்கிவிட்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் அக்காவின் காலுக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் போட்டுக்கொண்டு அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டாங்க" என்றேன் கிசுகிசுப்பாக.

டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். டிராக்டர் ஒதுங்கிவிட்டது, இருந்தும் அவர் உடனே எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு முன்னிலும் மெதுவாக வண்டியை நகர்த்தினார்.

விடுதி வந்தது. டீச்சர் நிறுத்தவில்லை. அதே தெருவை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. அடுமனை, பூக்கடை, விடுதி வாசல், மறுபடி அடுமனை. எனக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சுற்றில் அக்கா கண்ணைத் திறந்தார்.

"இன்னும் வரலையா? மணி என்ன ஆச்சு?"

"வழி தப்பிட்டேன்க்கா" என்றார், பதினாலு வளைவையும் எண்ணி எழுதிவைத்திருந்த டீச்சர்.

அக்கா வெளியே அடுமனையைப் பார்த்தார். விடுதி வாசலைப் பார்த்தார். குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வண்டி நின்று நாங்கள் இறங்கியதும், டீச்சர் சாவியை நீட்டினார். அக்கா தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்கு? நாளைக்கும் சாப்பிடணும்ல."