மூன்றாம் பலகை

"ஓம், அது உண்மையான பாண் இல்லை. பிளாஸ்டரில செய்தது. உப்பு மட்டும்தான் உண்மை."

யாரும் கேட்கவில்லை. ஆனால் தமிழ் முகத்தைக் கண்டால் செபஸ்தியாம்பிள்ளைக்கு வாய் சும்மா இராது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அவர் காவலாளி. நேற்று அகப்பட்டவர்கள், கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி.

இந்த மாதம் அங்கே டுக்கபோர்களைப் பற்றிய கண்காட்சி. சண்டைக்குப் போகமாட்டோம் என்று துப்பாக்கிகளைக் குவித்து எரித்துவிட்டு, ரஷ்யாவிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறிய கிறிஸ்தவர்கள். அவர்களின் அடையாளமான ரொட்டியும் உப்பும் வாசலிலேயே ஒரு மேசையில் இருக்கின்றன. துப்பாக்கி எரியும் ஓவியத்தின் முன் அவர் ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். மாட்டுக்குப் பதிலாகப் பெண்கள் ஏர் இழுக்கும் படத்துக்கு "பாவங்கள்" என்று இரங்குவார். மூன்றாம் பலகைதான் அவருக்கு ஆகாது. பிள்ளை பிறந்தால் அரசாங்கத்தில் பதிய மறுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

"விசாவுக்கு நான் பதினொரு வருசம் காத்திருந்தனான். இவை, கனடாக்காரன் வா வா எண்டு கூப்பிட்டும் பதியமாட்டினமாம். விசர்க் கூட்டம்!"

சொன்ன கையோடு போனை நீட்டிப் பேரனின் படத்தைக் காட்டினார். அதுவும் கண்காட்சியில் சேர்த்திதான். ஒருவரும் அதைப் பார்க்காமல் வெளியே போக முடியாது.

"அழகா இருக்கான். பேர் என்னங்க?" என்றாள் அந்தப் பெண்.

செபஸ்தியாம்பிள்ளை பாணைப் பார்த்தார். டிக்கெட் மேசையிலிருந்து டொலறஸ்தான் பதில் சொன்னாள்.

"பேர் இல்லையம்மா. அண்ணையின்ர வீட்டிலயும் ஒரு டுக்கபோர் தொட்டில்ல கிடக்கு!"

"நீ உன்ர வேலையைப் பார், பிள்ளை."

பேரன் பிறந்து நேற்றோடு நாற்பத்தொரு நாள். இங்கிலாந்துச் சட்டப்படி நாற்பத்திரண்டு நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தன் தகப்பன் சந்தியாப்பிள்ளையின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று இவர் நிற்கிறார். மருமகள் டிலக்சனா, ஜெய்டன் என்று நிற்கிறாள். மகன் ஜெராட் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிடுவான். பதிவு அலுவலகத்தில் எடுத்த அப்பொயின்ட்மென்ட் இரண்டையும் தள்ளிப்போடச் சொன்னவர் செபஸ்தியாம்பிள்ளைதான். மூன்றாவது இன்று மத்தியானம்.

இன்று காலை, கதவு திறக்குமுன், வழக்கம்போல் பலகைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவதில் கை நின்றது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மகனுக்குப் போன் எடுத்தார்.

"ஜெய்டன் எண்டே பதி, தம்பி. பிந்தாமப் போ. நான் சந்தியாப்பிள்ளை எண்டு கூப்பிடுவன். அதை ஒரு இடத்திலயும் பதியமாட்டன்."