ஆறு கொக்கிகள்

மாடியில் தகரக் கூரை போடுகிறான் என் மகன். நேற்று வந்த ஃபிட்டர் நீளத்தையும் அகலத்தையும் கைப்பேசியில் தட்டினார். திருகாணி இத்தனை என்று அது சொல்லிவிட்டது. அவர் பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. ஆணியோடு ஒட்டிய வாஷரின் வாசனை. எனக்கு அது போதவில்லை. கூரை ஆணி என்றால் வெயிலில் இளகிய தார் மணக்க வேண்டும், விரலில் ஒட்ட வேண்டும். தார் நினைவுக்கு வந்தால் அந்தோணி வந்துவிடுவார். அதனால் கீழே இறங்கி வந்துவிட்டேன். பதினேழு படிகள்.

படி எண்ணுகிறவன் என்று சிரித்துக்கொள்ளுங்கள். தலத்தெருவிலிருந்து மண்டபத்தூர் பள்ளிக்குப் பாடம் நடத்த சைக்கிளில் போன காலத்தில் வழியிலுள்ள தந்திக் கம்பங்களையும் எண்ணியிருக்கிறேன். ஒரு நாள் ஒன்று குறைந்தால் அன்று முழுக்க மனம் சரியிருக்காது. என் மனைவி இன்றும் இட்லித் தட்டை வைத்துவிட்டு, "எண்ணி முடிச்சிட்டீங்கன்னா சாப்பிடலாம்" என்பாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பிள்ளைகள் மதியம் உட்கார்ந்து சாப்பிட பள்ளி வளாகத்தில் ஒரு கொட்டகை போட்டோம். கணக்கு வாத்தியார் என்பதால் சாமான் பட்டியல் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கச் சாய்வு, பக்கத்துக்குப் பன்னிரண்டு தகரம். தகரத்தை இரும்புச் சட்டத்தோடு பிடிக்க, தூண்டில் முள் மாதிரி வளைந்த கொக்கி ஆணி. வளைவு கீழே சட்டத்தைக் கவ்வும். மேலே தார் வாஷர் வைத்து நட்டை முடுக்குவார்கள்.

தகரத்துக்கு ஓரம் இரண்டு, ஓரத்துக்குக் கொக்கி மூன்று. ஆக நூற்று நாற்பத்து நான்கு. ஆனால் ஒரு தகரத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தகரத்தின் ஓரம் ஏறி உட்காருமல்லவா? அங்கே ஒரே கொக்கி இரண்டையும் பிடிக்கும். எனவே இரண்டால் வகுத்தேன். எழுபத்திரண்டு. அந்த வகுத்தலில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? படிக்காதவன் இரட்டிப்பாக வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்கால் இரும்புக்கடையில் ஆணியை நிறுத்துத் தருவார்கள், கொக்கியை எண்ணித் தருவார்கள். கடைக்கார பாய் எண்ணிய பிறகு நான் ஒருமுறை எண்ணினேன். "எண்ணுங்க சார், எண்ணுங்க. குஞ்சு பொரிச்சாலும் பொரிச்சிருக்கும்" என்றார். எண்ணி முடித்ததும் கைப்பிடி நிறைய இன்னும் அள்ளி நீட்டினார். அங்கே அது வழக்கம். கூரைச் சாமான் வாங்குகிறவர் ஒரு பிடி கூடக் கொண்டுபோய், மீந்ததைத் திருப்பிக் கொடுப்பார். "கணக்கு இருக்கும்போது பிடி எதுக்கு பாய்?" என்றேன். அவர் கையை அப்படியே டப்பாவுக்குள் கவிழ்த்தார்.

கூரை வேலைக்கு வந்தவர் அந்தோணி. என் வயதுதான். மாதா படம் ஒட்டிய தகரப் பெட்டியில் சாமான் வைத்திருப்பார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், ஆறு கொறையுது. வடக்கு ஓரம் அப்படியே நிக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாய்வின் இரு கோடியிலும் வெளியோரத்துக்குப் பக்கத்துத் தகரம் கிடையாது. அங்கே வகுக்கக் கூடாது. கோடிக்கு ஒன்றரை, சாய்வுக்கு மூன்று, இரண்டு சாய்வுக்கு ஆறு.

"காலைல ஓடிப்போய் வாங்கியாந்துடறேன். காசுக்குப் பெரிய சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார் அந்தோணி.

பெரிய சார் என்பது தலைமையாசிரியர். அவரிடம் போய் நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாய் வரவில்லை.

"இப்ப கம்பியால கட்டிடுங்க. விழா முடியட்டும், நானே வாங்கித் தர்றேன்."

"வடக்கு சார். வாடக்காத்து வரும்."

"வரதுக்குள்ள போட்டுடலாம்யா."

விழா முடிந்தது. நாளை நாளை என்று போனது. ஐப்பசியில் ஒரு காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், காற்று கட்டுக்கம்பியை அறுத்து வடக்கோரத் தகரத்தைப் பிய்த்தது. சமையல்காரம்மா தையல்நாயகியின் தோளில் அது இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன்பின் அந்த அம்மாளின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. அண்டா இறக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் ஊர் கூடியது. தலைமையாசிரியர் அறுந்த கம்பியைத் தூக்கிக் காட்டினார். "கொக்கி எங்கய்யா? வித்துத் தின்னுட்டியா?"

"குடுத்தத போட்டேங்க. ஒண்ணு கூட எடுக்கல" என்றார் அந்தோணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் கூரையைப் பார்த்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நேரத்திலும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். தகரத்தின் வரிகளை.

"கொக்கித் திருடன்" என்று பெயர் விழுந்தது. கடலோரத்தில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த வாரமே அவர் தன் கைக்காசில் ஆறு கொக்கி வாங்கிவந்து, ஏறி, போட்டுவிட்டு இறங்கிப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஆறும் இருந்தன.

சில மாதங்கள் கழித்துத் தலத்தெரு டீக்கடையில் நானும் அந்தோணியும் நேருக்கு நேர் அகப்பட்டுக்கொண்டோம். குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார். எனக்கும் சேர்த்து டீ சொன்னவர் அவர்தான்.

"நீங்களே சொல்லிக்கட்டும்னுதான் நின்னேன் சார். நான் சொன்னா எவன் நம்புவான், கணக்கு வாத்தியாரு எண்ணத் தெரியாம எண்ணுனாருன்னு?"

என் கிளாஸில் ஆடை படிந்தது. அவர் குடித்துவிட்டுப் போனார். பிறகு பார்க்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கொட்டகையை இடித்துக் கான்கிரீட் போட்டார்கள். பழைய இரும்பெல்லாம் எடைக்குப் போனது. கொக்கிகளை யாரும் எண்ணவில்லை. சாக்கில் அள்ளித் தராசில் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எழுபத்திரண்டு பள்ளியுடையது, ஆறு அந்தோணியுடையது. துருவில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அன்றைக்காவது வாய் திறந்திருக்கலாம். தலைமையாசிரியர் போய்ச் சேர்ந்திருந்தார். ஆனால் தையல்நாயகி இருந்தார், இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். "அந்தப் பாவி எங்க இருக்கானோ" என்றார். அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

இப்போது அந்த அம்மாளும் இல்லை. கொக்கித் திருடன் என்று திட்டவும் ஆளில்லை. அவர் திருடவில்லை என்று நான் சொன்னால் கேட்கவும் ஆளில்லை.

இன்று காலை மறுபடி மாடியேறி, கைப்பேசி சொன்னதற்கு மேல் ஆறு திருகாணி வாங்கச் சொன்னேன்.

"இதுல எல்லாம் சரியா வந்துரும் அய்யா. கூட ஆறு எதுக்கு?" என்றார் ஃபிட்டர்.

மகனும் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.